கண்மையில் வளர்ந்த கிராப்பு

போன மாதம் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கக் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், அன்று காலையில்தான் எடுத்த ஒரு கல்யாணப் படத்தைத் திறந்து ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். பளிச்சென்று இருந்த படம் சட்டென்று பழுப்பேறிக் கிழடாகிவிட்டது. இன்னொரு பொத்தானை அமுக்கினாள். படத்தின் மேல் துணி நெய்த மாதிரி ஒரு சொரசொரப்பு வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. இதே வேலைய நான் செய்யறப்போ நாலு நாளு ஆவும். தெருவே மூக்கப் பொத்திகினு ஓடும்" என்றேன்.

அவள் என்னை விடவில்லை. இங்கிருக்கும் போட்டோக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம், எழுதித் தந்தே ஆகவேண்டும் என்றாள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று மூக்கால் அழ எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் பொத்தான் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் நன்றிக்கு மலைமேல் காவடியே எடுத்திருப்பேன். ஆனால் ஒரு மொட்டைத் தலையில் ஒன்றரை நாளில் நான் முடி வளர்த்த கதை எந்தப் பொத்தானிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரங்கநாயகி. பொதட்டூர்பேட்டையில் நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவள். வாக்கப்பட்டது திருத்தணியில், மலையடிவாரத்து ஸ்டூடியோ ஒன்றில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தவருக்கு. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்கு ஒரு கலர் போட்டோ கொண்டுவந்து காட்டினார். அப்போது கலர் போட்டோ என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வர்ணம் பூசியதுதான். "இந்தம்மாவுக்கு மஞ்சக் காமாலையா? வைத்தியரண்ட காட்னாங்களா?" என்று கேட்டேன். அதை அவர் சும்மா இருக்காமல் முதலாளியிடம் போய்ச் சொல்ல, மறுநாளே எனக்கு ஆள் வந்தது. அந்தப் படத்துக்குப் பூசியவர் முதலாளிதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது.

முதலாளி பெயர் சஞ்சீவி. வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லா. இங்கே ஆந்திரம், அங்கே தமிழ்நாடு என்று கோடு எதுவும் கிடையாது. மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். முடிந்த படத்தை முதலாளி கைநீட்டுத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, படத்தில் இருப்பவருடைய பாஷையிலேயே குசலம் விசாரிப்பார். "ஏமய்யா, பாகுன்னாரா?" என்பார். அல்லது "இன்னா பெரிம்மா, சௌக்கியமா?" என்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். படம் பதில் சொல்லிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் தலையாட்டி உறையில் போடுவார். இல்லாவிட்டால், "ரங்கம்மா, இவரு பேச மாட்டேன்றாரு, கோவமா கீறாரு, இன்னான்னு கேளு" என்று என்னிடமே திருப்பிக் கொடுப்பார். ஒரு நாளும் வேலை நன்றாயில்லை என்று சொன்னதில்லை. அந்தக் கோபக்கார மனிதரைச் சமாதானப்படுத்த நான் மறுபடி பஞ்சை எடுக்கவேண்டும்.

மூன்று வருஷம் கற்றுக்கொண்டதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். மூங்கில் சிம்பில் பஞ்சைச் சுற்றி, வர்ணத்தைத் தொட்டு, கன்னத்தில் வட்டமாகத் தேய்க்கவேண்டும். பிறகு சுத்தமான பஞ்சால் அதையே துடைக்கவேண்டும், பூசியது போய்விட்டதோ என்று பயம் வருகிறவரை. பூசுவது கால் பங்கு, துடைப்பது முக்கால் பங்கு. முதல் வருஷம் நான் பூசிய எல்லோரும் கூத்தாடிகள் மாதிரி இருந்தார்கள்.

புடவை நிறம்தான் பெரிய தலைவலி. அப்போது படம் பிடிப்பது கண்ணாடிப் பிளேட்டில். அதில் எடுத்தால் சிவப்பும் மஞ்சளும் படத்தில் கறுப்பாக விழும், நீலம் வெளுப்பாக விழும். படத்தைப் பார்த்து நிறம் சொல்லவே முடியாது. வாயால் கேட்டால், "தாமர கலரும்மா, ஆனா அவ்ளோ தாமர இல்ல" என்பார்கள். நான் தறிக்காரர்கள் ஊரில் பிறந்தவள் இல்லையா, அதற்கு ஒரு வழி செய்தேன். படம் எடுத்தவுடன் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி ரசீதில் முடிந்து வைத்துவிடுவேன். என் மேஜை மேல் எந்நேரமும் நூல் முடிந்த ரசீதுகளாகத் தொங்கும். எங்கள் பக்கத்து நெசவுக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தாங்கள் நெய்த சேலை படத்தில் அரை நிறம் மாறினாலும், "இது எங்க சேலையே இல்ல" என்று போய்விடுவார்கள்.

படத்துக்குத் துணிச் சொரசொரப்பு கொடுப்பதும் நெசவுதான். பொதட்டூர்பேட்டை மெல்லிய துணி ஒரு துண்டை இழை நகராமல் இழுத்துக் கட்டி, பிரிண்டு போடும்போது பிளேட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவில் வைப்போம். ஊடும் பாவும் படத்தில் லேசாக விழும். பார்க்கிறவர்கள் சீமையிலிருந்து வந்த காகிதம் என்று நினைப்பார்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு. நாங்கள் எங்கே கைவைத்தோம், எங்கே வைக்கவில்லை என்பது அந்தச் சொரசொரப்பில் தெரியாமல் போய்விடும்.

பழுப்பு நிறம் ஏற்றுவதுதான் தெருவுக்கே தெரிந்த வேலை. அதற்கு ஒரு மருந்து உண்டு. அதைத் தட்டில் ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். முருகன் சன்னதிக்குப் போகிற தெரு, சுற்றிலும் பூக்கடை, தேங்காய்க் கடை. ஒரு கிருத்திகை நாளில் பூக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, "இன்னாங்க இது அக்கிரமம்! வெரதம் இருந்து வர்ற சனம் நடக்குற தெருவுல முட்ட வேவ வெக்கிறீங்களா?" என்று கூச்சல் போட்டார். முதலாளி பதறவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பழுப்பு ஏற்றுகிற நாளில் தூபக்காலில் கைநிறையச் சாம்பிராணி போட்டுப் புகைக்க ஆரம்பித்தார். நாற்றம் அடங்கியது. ஆனால் ஸ்டூடியோவில் வாராவாரம் விசேஷ பூஜை நடக்கிறது என்று ஊரில் பேச்சாகி, வாசலில் பெண்கள் தேங்காயும் சூடமுமாக வந்து நிற்கத் தொடங்கினார்கள். முதலாளி அவர்களை ஏமாற்றவில்லை. சூடம் ஏற்றிக் காட்டி, நெற்றியில் விபூதியும் இட்டு அனுப்பினார். உள்ளே நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் மூச்சுவிடவும் முடியாமல் தட்டை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

இனி மொட்டைக் கதைக்கு வருகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மையார்குப்பத்திலிருந்து ஏழுமலை என்ற நெசவுக்காரப் பையன், சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தான். தலை பளபளவென்று மொட்டை, அதன்மேல் அப்பிய சந்தனம் இன்னும் ஈரம். அவன் தாய்க்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டாள் என்று கைவிட்டிருந்தார்களாம். ஒரே மகன். அம்மா எழுந்து உட்கார்ந்தால் முடி கொடுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டான். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் மலையேறிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"படம் எடுக்கணுங்க" என்றார் சித்தப்பா. "பொண்ணு வீட்டுக்கு அனுப்பறதுக்கு."

பெண் வீடு புத்தூர்ப் பக்கம், நாராயணவனத்தில். அவர்களும் தறிக்காரர்கள்தான். பெண்ணின் படம் ஏற்கெனவே தரகர் மூலம் இவர்கள் வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தரகர் அங்கே போகிறார். வேறொரு மாப்பிள்ளை படமும் அவர் பையில் இருக்கிறதாம். இவன் படம் அன்று போகாவிட்டால் அந்தப் பெண் கை நழுவிவிடும்.

"மொட்டையோடவா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டேன்.

சித்தி முதலாளியைப் பார்த்தாள். "நீங்க முடி வெச்சிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்கோ."

முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னாங்க. இது பொய்கூட இல்ல. நாளைக்கு வளரப்போறத இன்னிக்கே காட்டறோம், அவ்ளோதான். ரங்கம்மா, ஞாயித்துக்கெழமைக்குள்ள அறுவடை பண்ணிடுவியா?"

முடி எப்படி இருந்தது என்று விசாரித்தேன். சுருட்டை என்றாள் சித்தி. இல்லை, படிய வாருவேன் என்றான் ஏழுமலை. மீசை இருந்ததா என்றதற்கு அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "கொஞ்சமா இருந்திச்சிங்க" என்றான். சித்தப்பா, "எங்கடா இருந்திச்சி?" என்றார். நான் என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று மூன்று பேரையும் வெளியே அனுப்பினேன்.

அடுத்த இடைஞ்சல், கறுப்பு வர்ணம் இல்லை. யுத்தத்தில் சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை. இருந்த குழாயைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கியாயிற்று. அரைநாள் யோசித்தேன். கடைசியில் வீட்டுக்கு ஓடிப்போய் என் கண்மை டப்பியை எடுத்துவந்தேன். விளக்கெண்ணெய் விளக்கின் புகைக்கரி, விளக்கெண்ணெயிலேயே குழைத்தது. அதைவிடக் கறுப்பு உலகத்தில் எது?

மெல்லிய துணி வைத்துப் பிரிண்டு போட்டுக் காயவைத்தேன். முதலில் மையைப் பஞ்சில் தொட்டு, தலை முழுவதும் நிழல் மாதிரி மெல்லப் பரப்பினேன். அது காடு. பிறகு மரங்களை நட வேண்டும். அணில் வால் முடியில் செய்த பிரஷ்ஷை நான்கைந்து முடி மட்டும் மிஞ்சும்படி கத்தரித்துக்கொண்டு, ஒவ்வொரு மயிராக உச்சியிலிருந்து வெளியே இழுத்தேன். நெற்றி ஓரம்தான் கஷ்டம். அங்கே கோடு போட்டது போல முடிந்தால் சட்டியைக் கவிழ்த்தது மாதிரி ஆகிவிடும். அதனால் அங்கே பொடிப் பொடியாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று விட்டேன். பிறகு எண்ணெய் தடவிய பளபளப்பு. அதைப் பூச முடியாது, எடுக்கத்தான் வேண்டும். பல் குத்தும் குச்சியில் துளிப் பஞ்சைச் சுற்றி, வகிட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மையை ஒற்றி ஒற்றி எடுத்தேன். கீழே இருந்த வெள்ளை எட்டிப் பார்த்ததும் தலை பளபளத்தது. கடைசியாக ஒரு சின்னச் சுருளை நெற்றியில் விழவிட்டேன், சித்தி ஆசைக்கு. ஒரு மெல்லிய மீசையும் வைத்தேன், அவன் ஆசைக்கு.

சனிக்கிழமை சாயந்திரம் முதலாளி படத்தைக் கைநீட்டிப் பிடித்தார். "இன்னா மாப்ள, சௌக்கியமா?" என்றார். உடனே தன் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்கு வழுக்கை. "பொறாமையா கீது ரங்கம்மா" என்றார். எனக்கு அன்றைக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. கண்ணாடி போட்டு, பின்பக்கம் படம் எடுத்த தேதியை முத்திரை குத்தி, தரகர் கையில் கொடுத்தோம். வேண்டுதல் மொட்டை விஷயத்தைப் பெண் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றார் தரகர். தரகர் வார்த்தையைத் தரகரே நம்பமாட்டார் என்பது எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

பத்து நாள் கழித்து, காலைக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், ஏழுமலையின் சித்தப்பா மேல்துண்டு நழுவ ஓடிவந்தார்.

"முதலாளி, காப்பாத்துங்க! கொளத்தாண்ட சத்திரத்துல நிச்சயதாம்பூலம். பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி கட்டச் சொல்லிட்டாங்க!"

நடந்தது இதுதான். பெண்ணின் தகப்பனார் குப்புசாமி, பெண்ணையும் சுற்றத்தாரையும் அழைத்துக்கொண்டு காலை ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மொட்டை. மாப்பிள்ளையின் தாய் எங்கே என்று கேட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, வண்டியில் வர முடியவில்லை என்றார்கள். முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடி கொடுத்தது என்று ஏழுமலை சொல்ல, எப்போது என்று அவர் கேட்க, அவன் தேதியைச் சொல்லியிருக்கிறான். குப்புசாமி படத்தைத் திருப்பிப் பார்த்தார். அதே தேதி முத்திரை. முன்பக்கம் தலை நிறைய முடி. தரகரோ பேச்சு முளைத்ததுமே வெற்றிலை வாங்கப் போனவர், போனவர்தான்.

முதலாளி கோட்டை மாட்டினார். நான் என் டப்பா, பஞ்சு, வர்ணம் துடைக்கிற டர்பன்டைன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

சத்திரத்துக் கூடத்தில் தாம்பூலத் தட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில் குப்புசாமி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தப் பாருங்கோ! தேதி குத்திக்கீது. அன்னிக்கு தல நெறைய முடி. இன்னிக்கு மொட்ட. அப்ப இந்தப் பத்து நாளுலதான் அடிச்சிக்கீறான். கல்யாணம் பேசுற நேரத்துல எவனாவது சும்மா மொட்ட அடிப்பானா? ஆத்தாக்காரியயும் காணோம். பெத்தவள சுடுகாட்டுக்கு அனுப்பி வெச்சிட்டு, தீட்டோட தாம்பூலம் மாத்த வந்துக்கீறீங்களா?"

ஏழுமலை சுவரோரம் நின்றிருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்கம்மா உயிரோட கீறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யார் கேட்கிறார்கள்? அம்மையார்குப்பத்துக்கு வண்டி போய் அந்தத் தாயை அழைத்து வருவதற்குள் நல்ல நேரமும் போய்விடும், ரயிலும் போய்விடும். பிறகு அந்தப் பெண்ணுக்கு இவன் இல்லை, இவனுக்கு அவள் இல்லை.

நான் முதலாளி காதில் கிசுகிசுத்தேன். "முடி நாமதான் வெச்சோம்னு சொன்னா நம்ம பேரு கெட்டுடும் முதலாளி. நாளைக்கு எவனும் நம்ம படத்த நம்ப மாட்டான்."

"பேரு கெடந்து போவுது" என்றார் அவர். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "உயிரோட கீற பொம்பளய செத்துட்டான்னு சொல்றாங்கோ. கேட்டுகினு நிக்கிறதா? ரங்கம்மா, தொடச்சிடு."

அந்த முடி என் கைவேலையிலேயே சிறந்தது. அதற்கு முன்னும் அப்படி ஒன்று செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அதைத் துடைக்கச் சொல்கிறார். ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். குப்புசாமியிடம் போய்ப் படத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, தாம்பூலத் தட்டுகளுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். பஞ்சை டர்பன்டைனில் நனைத்தேன். கூடமே குனிந்துகொண்டது.

உச்சியில் தொடங்கினேன். விளக்கெண்ணெய் மை, காயவே இல்லை. ஒரே இழுப்பில் வகிடு போயிற்று. அடுத்த இழுப்பில் வலது பக்கம். கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மொட்டை எழுந்து வந்தது, அதன்மேல் ஈரச் சந்தனத் திட்டுகளோடு. ஒரு கிழவர், "அடடே, படத்துக்கே மொட்ட அடிக்கிறாங்கடா!" என்றார். யாரோ "அரோகரா!" என்றார்கள். நெற்றிச் சுருளை எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது. கடைசியில் மீசையை ஒரு தட்டுத் தட்டி எடுத்தேன். கூடம் கொல்லென்று சிரித்தது. சித்தப்பா, "நான்தான் அப்பவே சொன்னேனே, மீசையே இல்லன்னு" என்றார்.

குப்புசாமி என் கையிலிருந்த பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது கண்மையாச்சே!" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார், மறுபடி மொட்டையைப் பார்த்தார். அந்தத் தேதியில் மொட்டை, அந்தத் தேதியில் சந்தனம். சாவு மொட்டைக்கு யாரும் சந்தனம் பூசுவதில்லை. மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம்.

அத்தோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நாலு பேர் எதிரில் தோற்றுவிட்டோமே என்ற எண்ணமோ என்னவோ, முகத்தை இறுக்கிக்கொண்டார். "செரி, ஆத்தா கீறாங்க. சந்தோசம். இருந்தாலும் வேசம் போட்டு அனுப்புனது வேசந்தானே? நாங்க அந்த மாதிரி அனுப்புலயே."

"நைனா, போதும்" என்று ஒரு குரல் கேட்டது.

பெண்கள் கூட்டத்தின் நடுவில், முக்காட்டைத் தாழ இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். தனபாக்கியம். அவள் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, இவுங்ககிட்ட என் போட்டோ கீது. அத்தயும் வாங்கித் தொடச்சிடுங்க."

சித்தி மடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள். வேறு ஏதோ ஊர் ஸ்டூடியோவில் எடுத்தது. உரித்த வாழைத்தண்டு மாதிரி வழவழப்பான முகம். வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு.

"இது தொடச்சா போவாதும்மா" என்றேன். "பிளேட்டுலயே பென்சில் வெச்சி மூடிட்டாங்க."

"அப்போ நேருலயே பாத்துக்கட்டும்" என்றாள் அவள். முக்காட்டைத் தள்ளிவிட்டு ஏழுமலைக்கு எதிரே போய் நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். சித்தி வாயைத் திறந்தாள், சித்தப்பா அவள் கையைப் பிடித்து அமுக்கினார். இத்தனை பாடுபட்டு நான் துடைத்துக் காப்பாற்றிய கல்யாணம் இப்போது நிஜமாகவே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, ஏன் இதைச் செய்தாய் என்று திட்டலாம் போலவும் இருந்தது.

ஏழுமலை அவளைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு குப்புசாமியைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கம்மா முகத்துலயும் இதே மாதிரி இருக்குங்க. சின்னதுல மடியில படுத்துகினு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினே தூங்கிடுவேன். அம்மான்னா இப்டித்தான் இருப்பாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்." சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து, "எனக்குப் பிடிச்சிருக்குங்க. மொட்டைய அவுங்களுக்குப் பிடிச்சிருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

தனபாக்கியம் முக்காட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பை மறைக்க. "தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று அவள் தோழியிடம் சொன்னது கூடத்துக்கே கேட்டுவிட்டது. முதலாளி தாம்பூலத் தட்டைத் தானே எடுத்துக் குப்புசாமி கையில் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து மலைமேல் கல்யாணம். ஏழுமலை தலையில் கதிர் அறுத்த தாள் மாதிரி அரை அங்குலம் முடி. அவன் தாய் வண்டியிலிருந்து இறங்கும்போது குப்புசாமி ஓடிப்போய்க் கைகூப்பினார். "சம்பந்தியம்மா, வாய் தவறி உங்கள சாவடிச்சிட்டேன். மன்னிக்கணும்."

"நல்லதாப் போச்சி" என்றாள் அந்த அம்மா. "சாவாதவளச் செத்துட்டான்னா ஆயுசு கூடும்னுவாங்க. இன்னும் நாலு தரம் சொல்லுங்க, பேரன் பேத்திய பாத்துட்டுப் போறேன்."

தாலி கட்டியான பிறகு எல்லோரும் இறங்கி எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை பெண் படம் எடுத்து முடித்ததும், நான் வழக்கம்போல முந்தானையில் ஒரு இழை உருவப் போனேன். தனபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேலைக்கு எவ்ளோ கலர் வேணும்னாலும் பூசுங்கக்கா. முகத்துல மட்டும் கைய வெக்காதீங்க."

பிறகு மாமியாரை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்த அம்மா அதுவரை படமே எடுத்துக்கொண்டதில்லை. "அடிப் போடி, இந்த மூஞ்சிக்கா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். குப்புசாமி விடவில்லை. "குந்துங்கம்மா. நீங்க உயிரோட கீறீங்கன்னு எனக்கு ஒரு அத்தாட்சி வேணும்" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் படத்துக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகத்தான் உட்காருவார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சிரிப்பின் நடுவிலேயே படத்தை எடுத்துவிட்டார்.

பிளேட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். படத்தில் அந்த அம்மாவின் கை அசைந்து கொஞ்சம் கலங்கியிருந்தது. முகம் துல்லியம். சிரிப்பில் கன்னம் மேலேறி, ஒவ்வொரு தழும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. பத்து வருஷப் பழக்கத்தில் அப்படி ஒரு பிளேட்டைப் பார்த்தால் தழும்பை மூட என் கை தானாகப் பென்சிலுக்குப் போகும். போயிற்று. எடுத்த பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டேன். துணியும் வைக்கவில்லை, பழுப்பும் ஏற்றவில்லை, வர்ணமும் பூசவில்லை. வெறும் பிரிண்டு போட்டேன்.

அடுத்த கிருத்திகைக்கு மருமகளோடு வந்த அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கினாள். எங்கள் ஸ்டூடியோவில் படத்தை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இது நானா?" என்றுதான். அழகாக்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுக் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. ஒரு விரலால் படத்திலிருந்த கன்னத்தை மெல்லத் தடவினாள். பிறகு அதே விரலால் தன் கன்னத்தைத் தடவினாள்.

"ஆங்" என்றாள். "நானேதான்."